அம்மாச்சிக்கும் ஒரு நாற்காலி

"சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்? நாலு நாள்ல மறந்துரும்."

தமிழ்நாட்டில் எந்த இழவு வீட்டிலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்பவர்கள் ஈரமில்லாதவர்கள் இல்லை. மகளைப் பறிகொடுத்துவிட்டு, அவள் பெற்ற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாச்சிக்கு வேறென்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் சொல்கிறார்கள். அவருக்கும் அதை நம்பத்தான் ஆசை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, உறவுக்காரர்கள் பஸ் ஏறிப் போனபின் வீட்டில் மிஞ்சுவது ஒரு வயதான பெண்ணும் ஒரு குழந்தையும். அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரியவரும். மூன்று வயதில் நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் ஏழு வயதில் திரும்பி வரும். குக்கர் விசில் அடித்தால் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய் ஒளியும். பள்ளிக்கூட வாசலில் நின்று வயிறு வலிக்கிறது என்று அழும். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை என்பார்.

மறந்தால்தானே?

இந்த 'மறந்துரும்' கணக்கு எவ்வளவு தப்பு என்பதைக் காட்ட ஒரு அமெரிக்கச் சிற்றூரின் கதையைச் சொல்ல வேண்டும். 1976 ஜூலை 15 அன்று கலிபோர்னியாவின் சௌசில்லாவில், 26 குழந்தைகளோடு போய்க்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தை முகமூடி போட்ட மூன்று பேர் மறித்தார்கள். குழந்தைகளையும் ஓட்டுநரையும் வேன்களில் அடைத்துப் பல மணி நேரம் கொண்டுபோய், ஒரு கல்குவாரியில் ஏற்கெனவே மண்ணுக்கடியில் புதைத்து வைத்திருந்த லாரிப் பெட்டிக்குள் இறக்கி மேலே மூடிவிட்டார்கள். சுமார் 16 மணி நேரம் அந்த இருட்டில் இருந்தபின், ஓட்டுநரும் பெரிய பையன்களும் வழியைத் தோண்டித் திறக்க, அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். யாருக்கும் பெரிய காயமில்லை. ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது. பெற்றோர்களைக் கூட்டிப் பேசிய மருத்துவர் ஒருவர், இந்த 26 பேரில் ஒருவருக்கு வேண்டுமானால் மனப் பாதிப்பு வரலாம் என்றார். அந்த ஒன்று தன் பிள்ளைதான் என்று எந்தத் தாய் முன்வந்து சொல்வாள்? எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சில மாதங்களில் லெனோர் டெர் என்ற குழந்தை மனநல மருத்துவர் அந்த ஊருக்குப் போனார். ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்துப் பேசினார், விளையாடவிட்டுப் பார்த்தார். பாதிப்பு இல்லாத பிள்ளை ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை. நான்கைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோதும் அதே கதைதான். கெட்ட கனவு, இருட்டைக் கண்டால் பயம், வேனைக் கண்டால் பயம். தாங்கள் ரொம்ப நாள் உயிரோடு இருக்கப்போவதில்லை என்று பல பிள்ளைகள் சாதாரணமாகச் சொன்னார்கள். டெர் குறிப்பாகக் கவனித்தது அவர்களுடைய விளையாட்டை. நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடினார்கள். ஆனால் அந்த விளையாட்டில் சிரிப்பே இல்லை, விளையாடி முடித்தபின் மனசு லேசாவதும் இல்லை.

அம்மாச்சிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. குழந்தை பேசாது. பொம்மையை வைத்துப் பேசும், இல்லையென்றால் உடம்பால் பேசும். அண்ணன் தங்கச்சியைக் கூட்டிவைத்து "நீதான் அப்பா, நான் அம்மா, நீ என்னைய அடி" என்று தினமும் ஒரே நாடகம் போடும் பிள்ளையை, "என்னடா இது கெட்ட விளையாட்டு" என்று முதுகில் ஒன்று வைப்பது நம் வீடுகளில் நடக்கக்கூடியதுதான். அந்தப் பிள்ளை தன்னிடம் உள்ள ஒரே மொழியில் தனக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வகைப் பிள்ளை உண்டு. அழாது, அடம் பிடிக்காது, வைத்த இடத்தில் இருக்கும், கேட்காமலே பாத்திரம் கழுவி வைக்கும். "தங்கமான புள்ள, தாயில்லாதது தெரியாத மாதிரி நடந்துக்குது" என்று தெருவே மெச்சும். ஒன்பது வயதில் ஒரு குழந்தை யாருக்கும் தொந்தரவே கொடுக்கவில்லை என்றால், பாட்டனும் பாட்டியும் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். இருக்கிற ஒரு பாட்டியும் போய்விடுவாளோ என்ற பயத்தில் அது மூச்சை அடக்கிக்கொண்டு வாழ்கிறது. கத்திக் கலாட்டா செய்யும் பிள்ளைக்காவது யாராவது ஒருவர் உதவி தேடுவார்கள். இந்தச் சமத்துப் பிள்ளையை யாரும் எங்கேயும் அழைத்துப் போவதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தமிழகக் கடலோரக் குழந்தைகளிடம் எடுத்த ஓர் ஆய்வில், பத்துக்கு ஏழு பேரிடம் இத்தகைய மனவடுவின் அறிகுறிகள் இருந்ததாகத் தெரியவந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்த பேரழிவு அது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தினர் வந்து ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஊர் முழுக்க ஒரே துக்கத்தில் இருந்ததால் அப்போது யாரும் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை. ஒரு தனி வீட்டுக்குள் நடக்கும் துயரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்பன் குடித்துவிட்டு அம்மாவை அடித்தது, அடியில் அவள் செத்தது, அதைப் பிள்ளை கதவிடுக்கில் நின்று பார்த்தது: இதற்கு நிவாரண முகாம் போடுவார் இல்லை. அந்த வீட்டுத் தாத்தா பாட்டிக்குப் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, சம்பந்தி வீட்டுச் சண்டை எல்லாம் முடிந்தபின்தான் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே நேரம் கிடைக்கிறது.

பார்த்தபின் முதலில் போவது டாக்டரிடம் இல்லை. "பயந்துருக்கு, மந்திரிச்சு விடு" என்பார்கள். வேப்பிலை அடித்து, திருநீறு போட்டு, கறுப்புக் கயிறு கட்டுவார்கள். பள்ளிவாசலில் போய் ஓதி ஊதி வருவார்கள். இதைக் கேலி செய்வதில் அர்த்தமில்லை. பிள்ளை பயந்திருக்கிறது என்ற கணிப்பு சரியானது. பல படித்த ஆசிரியர்களின் 'கவனக்குறைவு', 'அடங்காத்தனம்' என்ற கணிப்புகளைவிடச் சரியானது. கயிறு கட்டிய தைரியத்தில் பாட்டி நிம்மதியாகத் தூங்கினால் அந்த நிம்மதி பிள்ளைக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். ஆனால் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி உடுக்கை அடித்து, சாட்டையைக் காட்டி, ஏற்கெனவே நடுங்கும் குழந்தையை இன்னும் நடுங்க வைப்பது கொடுமை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்தபின்தான் இந்த நாடு கொஞ்சம் விழித்தது. மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே இருக்கட்டும் என்ற ஏற்பாடு இப்போது அதே ஏர்வாடியில் உண்டு. வீட்டிலும் அப்படியே இருக்கலாம்: கயிறு கையில் கிடக்கட்டும், பிள்ளை ஆஸ்பத்திரிக்கும் வரட்டும்.

எப்போது போக வேண்டும்? எந்தக் குழந்தையும் அதிர்ச்சிக்குப் பின் சில வாரங்கள் ஆடிப்போய்த்தான் இருக்கும். வேளைக்குச் சோறு, பக்கத்தில் படுக்க ஒரு ஆள், பழைய பள்ளிக்கூடம், பழைய கூட்டாளிகள் என்று இருந்தால் நிறையப் பிள்ளைகள் மெல்லத் தேறிவிடும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் கெடுகிறது, பள்ளிக்குப் போக மறுக்கிறது, திடுக்கிடுகிறது, நடந்ததை நினைவூட்டும் ஆளையோ இடத்தையோ கண்டால் உறைந்துபோகிறது என்றால் அதற்குமேல் காத்திருக்கக் கூடாது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, சாகப் போகிறேன் என்று சொல்வது இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். "சும்மா பயமுறுத்துறான்" என்று தள்ளிவிடும் விஷயமே இல்லை அது.

இந்த இடத்தில் சிலர் ஒரு எண்ணைக் கொண்டுவந்து பயமுறுத்துவார்கள். 1995 முதல் 1997 வரை அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு அது. சிறுவயதில் அடி, புறக்கணிப்பு, வீட்டில் குடி, வன்முறை என்று துயரங்கள் கூடக் கூட, பிற்காலத்தில் இதயநோய், குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி எல்லாம் கூடுவதாக அதில் தெரிந்தது. முக்கியமான ஆய்வுதான்; ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஒரு தனிப் பிள்ளையின் தலையெழுத்தை அதில் படிக்க முடியாது. துயரங்களை எண்ணி மதிப்பெண் போட்டு, "இவன் அவ்வளவுதான்" என்று முடிவு கட்டுவது சாதகம் பார்ப்பதைவிட மோசம்.

அதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு ஆய்வு, தாத்தா பாட்டிகளுக்காகவே எடுத்ததுபோல இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய், ஓயாத சண்டை என்று பல கேடுகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர், யாரும் எதிர்பாராதபடி, நல்ல வேலையும் நல்ல குடும்பமுமாக நிமிர்ந்து வளர்ந்திருந்தார்கள். எப்படி என்று தேடியபோது கிடைத்த காரணங்களில் முக்கியமானது, பெற்றோர் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளையை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு பெரியவர் இருந்தார் என்பது. பலருக்கு அந்தப் பெரியவர் தாத்தாவோ பாட்டியோதான்.

ஆக, பாட்டி வெறும் துணைக்கு வருபவர் இல்லை. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாசம் மட்டும் போதும் என்று நினைத்துவிட்டால் பாட்டியும் உடைந்துபோவார், பிள்ளையும் தேறாது. காரணம் எளிது: அந்த வீட்டில் காயம்பட்டது ஒருவர் இல்லை, இருவர். பேரனுக்கு அம்மா போனாள் என்றால் இவருக்குப் பெற்ற மகள் போயிருக்கிறாள். பிள்ளை அம்மாவைப் பற்றிக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் இவர் நெஞ்சில்தான் விழுகிறது. அதனால் பேச்சை மாற்றுகிறார், அழுகையைச் சேலைத் தலைப்பில் மறைக்கிறார், போட்டோவை எடுத்துப் பீரோவில் வைக்கிறார். "அம்மா ஊருக்குப் போயிருக்கா, வந்துருவா" என்கிறார்.

அந்தப் பொய் செய்யும் வேலை பெரியது. சின்னக் குழந்தைகளுக்குச் சாவு என்றால் திரும்பி வராதது என்பது சட்டெனப் புரியாது. ஊருக்குப் போன அம்மா ஏன் என்னை விட்டுவிட்டுப் போனாள் என்று யோசிக்கும். நான் சேட்டை செய்தேன், அதனால்தான் போய்விட்டாள் என்று தானே ஒரு முடிவுக்கு வரும். "அம்மா செத்துட்டாங்கடா கண்ணு, இனிமே வர மாட்டாங்க, அது உன்னால இல்ல. நான் உன்கூட இருக்கேன்" என்று நாலு வாக்கியத்தில் சொல்வது கேட்க முரடாக இருந்தாலும் பிள்ளைக்கு அதுதான் நல்லது. சொல்லிவிட்டு இருவரும் சேர்ந்து அழுதால் தப்பே இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டனில் குண்டுமழைக்கு நடுவே குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்ட் கவனித்ததும் இதையொட்டியதே: குண்டுச் சத்தத்தைவிட, பக்கத்தில் இருந்த பெரியவர் எப்படி இருந்தார் என்பதுதான் பிள்ளையின் மனதைத் தீர்மானித்தது.

எனவே நல்ல சிகிச்சையாளரைத் தேடும்போது பார்க்க வேண்டிய முதல் அடையாளம், அவர் அறையில் அம்மாச்சிக்கும் ஒரு நாற்காலி இருக்கிறதா என்பதுதான். "பிள்ளையை விட்டுட்டு வெளியே உக்காருங்க, ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க" என்பதோடு எல்லாம் முடிகிறது என்றால் வேலை பாதிதான் நடக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் சிகிச்சையாளரிடம் இருக்கும் பிள்ளை, மிச்ச நேரமெல்லாம் இருப்பது பாட்டியிடம்.

மனவடுப்பட்ட குழந்தைகளுக்கு உலகெங்கும் நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒரு முறையை அமெரிக்காவில் ஜூடித் கோஹன், ஆந்தனி மன்னாரினோ, எஸ்தர் டெப்லிங்கர் ஆகியோர் உருவாக்கினார்கள். பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள். ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளையோடு கொஞ்ச நேரம், வளர்ப்பவரோடு கொஞ்ச நேரம். முதல் சில வாரங்களுக்கு நடந்த விஷயத்தின் பக்கமே போகமாட்டார்கள். மூச்சை எப்படி விடுவது, பயம் வரும்போது உடம்பில் எங்கே தெரிகிறது, கோபத்துக்கும் வருத்தத்துக்கும் என்ன பெயர் என்று பழக்குவார்கள். பிள்ளைக்குத் தெம்பு வந்தபின், நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படமாகவோ கதையாகவோ சொல்ல வைப்பார்கள். கடைசியில் அந்தக் கதையை வளர்ப்பவர் முன்னால் பிள்ளை சொல்லும். அதைக் கேட்கத் தாங்கும்படி பாட்டியையும் இத்தனை வாரமும் தயார் செய்திருப்பார்கள். பிள்ளை சொல்லச் சொல்லப் பாட்டி உடைந்து விழாமல் கேட்பதே பிள்ளைக்குப் பெரிய செய்தி. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் முறை வேறு. வளர்ப்பவரும் குழந்தையும் ஒரே அறையில் விளையாட, சிகிச்சையாளர் கூடவே தரையில் உட்கார்ந்திருப்பார். சான்பிரான்சிஸ்கோவில் அலிசியா லீபர்மன் வளர்த்தெடுத்த வழி அது.

"ஆறிப்போனத ஏன் கிளறணும்?" என்று தாத்தாக்கள் கேட்பார்கள். ஆறியிருந்தால் கிளற வேண்டாம்தான். இரவெல்லாம் அலறும் பிள்ளைக்கு எது ஆறியிருக்கிறது?

இதெல்லாம் அமெரிக்காவுக்குத்தான் சரிவரும் என்று நினைப்பவர்கள் ஈழத்தைப் பார்க்கலாம். போரும் சுனாமியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த வடகிழக்கு இலங்கையில், ஒரு அகதி முகாமில், மனவடு இருப்பதாக முதற்கட்டமாகக் கண்டறியப்பட்ட 31 தமிழ்க் குழந்தைகளுக்கு ஆறே அமர்வுகளில் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஒரு பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். மறு பகுதியினருக்குத் தங்கள் வாழ்க்கைக் கதையைப் பிறந்த நாளிலிருந்து வரிசையாகச் சொல்லும் முறை. குழந்தைகளோடு இந்த முறையைச் செய்யும்போது தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போடுவார்கள். அதுதான் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ வைக்க வேண்டும், கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்ன குழந்தைகளில் 81 சதவீதமும், தியானம் செய்தவர்களில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், இரண்டு முறைகளுக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. ஆனாலும் 2009-இல் வெளியான அந்த ஆய்வு ஒன்றைச் சந்தேகமில்லாமல் காட்டியது: பிள்ளையின் மொழியைப் பேசுகிற, முறையாகப் பழகிய உள்ளூர்க்காரர் இந்த வேலையைச் செய்ய முடியும்.

அப்படிப்பட்டவரைத் தமிழ்நாட்டில் எங்கே தேடுவது? இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. குழந்தைகளுக்கென்றே படித்தவர்கள் அதிலும் சொற்பம். தனியாரிடம் போனால் ஒரு அமர்வுக்கே கூலிவேலை செய்பவரின் இரண்டொரு நாள் வருமானம் போய்விடும். எனவே பெரும்பாலான குடும்பங்களுக்கு வழி அரசு மருத்துவமனைதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவின் புறநோயாளிச் சீட்டு கிடைக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரும் உளவியலாளரும் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருப்பார்கள். குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருவார்கள். எந்தக் கிழமை என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி மிச்சம். சென்னையில் 1794-இல் வேர்விட்ட கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. 'கீழ்ப்பாக்கம்' என்பதைத் திட்டுவதற்கு வைத்திருக்கும் நகரம் அது; அந்த ஒரு வசவுக்குப் பயந்தே எத்தனையோ வீடுகள் அந்த வாசலை மிதிக்காமல் இருந்திருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லச் சங்கடமாக இருந்தால், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கலாம். குழந்தை மருத்துவரிடமிருந்து மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதி வாங்குவது எங்கும் நடக்கக்கூடியதுதான்.

போகும்போது பாட்டி தன் வாயால் சொல்ல வேண்டியவை சில உண்டு. எப்போது, என்ன நடந்தது, அதற்குமுன் பிள்ளை எப்படி இருந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது. இதைப் பிள்ளையின் முன்னால் சொல்ல வேண்டாம். தனியாகப் பேச ஐந்து நிமிடம் கேட்டு வாங்கலாம். ஓட்டமாக ஓடும் அரசு ஓ.பி.யில் அந்த ஐந்து நிமிடம் கிடைப்பது கஷ்டம், ஆகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. எழுதத் தெரியாவிட்டால் பேத்தியின் டீச்சரையே எழுதித் தரச் சொல்லலாம். வகுப்பில் அவர் பார்த்ததும் அதில் சேரும்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 18 வயதுக்குட்பட்டவர்களின் மனவடுக் கோளாறுக்கு மருந்து தர வேண்டாம் என்கிறது. பேச்சும் விளையாட்டும்தான் முதல் சிகிச்சை. கூடவே கடுமையான மனச்சோர்வு மாதிரி வேறு ஏதாவது இருந்தால் மருத்துவர் மருந்து எழுதலாம். அதை நாமாக நிறுத்தவும் கூடாது. பார்த்த ஐந்தாவது நிமிடம் தூக்க மாத்திரை எழுதி, பேச்சுக்கே வழி சொல்லாமல் அனுப்பினால், "உளவியலாளர் யாரையாவது பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்கும் உரிமை பாட்டிக்கு உண்டு. தனியாரிடம் போவதாக இருந்தால் மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். "மூணே சிட்டிங், மொத்தமா குணம்" என்று சத்தியம் செய்பவர்களிடமிருந்தும், முதல் நாளே "என்ன நடந்துச்சு, ஒண்ணுவிடாம சொல்லு" என்று பிள்ளையை விசாரிப்பவர்களிடமிருந்தும் எழுந்து வந்துவிடலாம்.

நடந்தது பாலியல் கொடுமை என்றால் விஷயம் இன்னும் சிக்கல். குடும்ப மானம் என்று மூடி மறைக்கும் கைகள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். சிகிச்சையாளருக்கும் அது பொருந்தும். பிள்ளையைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை, வாக்குமூலத்தை வீட்டிலேயே எடுக்கலாம், பெயரோ படமோ வெளியாகக் கூடாது, வழக்கு நெடுகிலும் கூட இருக்க ஒரு துணை நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். இவையெல்லாம் சட்டத்தில் எழுதியிருக்கின்றன. கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும் என்பது வேறு விஷயம். சென்னையில் 2004 முதல் இந்த ஒரு வேலையையே செய்துவரும் துளிர் அமைப்பு போன்றவர்களிடம் வழி கேட்கலாம். வழக்கு முடியட்டும், அப்புறம் சிகிச்சை என்று மட்டும் காத்திருக்கக் கூடாது. வழக்குக்கு வருடங்கள் ஆகும். பிள்ளை அதற்குள் வளர்ந்துவிடும்.

காசும் காகிதமும் மிச்சம். தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளை மேல் எவ்வளவு உரிமை இருப்பதாகத் தோன்றினாலும், 1956-ஆம் ஆண்டு இந்து சட்டப்படி இயற்கைப் பாதுகாவலர்கள் தகப்பனும் தாயும்தான். அவர்கள் இருவரும் இல்லாதபோதோ, தகப்பன் சிறையில் இருக்கும்போதோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்ப் பதிந்துகொண்டால் பின்னால் வரும் தலைவலிகள் குறையும். மிஷன் வத்சல்யா திட்டத்தில், உறவினர் வீட்டில் வளரும் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகைக்கு வழியிருக்கிறது. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம் ஆதரவற்ற குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. சிகிச்சைக்கு வாரா வாரம் பஸ் ஏறிப் போய்வர, முதியோர் பென்ஷனை மட்டும் நம்பியிருக்கும் ஒரு பாட்டிக்கு இந்தப் பணம் சின்ன விஷயமில்லை. பாதியில் சிகிச்சையை விடுகிற குடும்பங்களைக் கேட்டால் முதலில் சொல்வது பஸ் செலவையும் போன வேலைநாளையும்தான்.

சம்பந்தி வீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். "எங்க ரத்தம்" என்று இரண்டு பக்கமும் இழுத்துக்கொள்ளும்போது, பிள்ளைக்கு இங்கே நாலு மாதம், அங்கே நாலு மாதம் என்று வாழ்க்கை போகிறது. சிகிச்சை வேர்பிடிக்க ஒரே வீடும் ஒரே பள்ளியும் வேண்டும். அப்பத்தாவைப் பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அங்கே போகும்போது "உங்கம்மாதான் காரணம்" என்றோ, இங்கே வரும்போது "உங்கப்பன் கொலகாரன்" என்றோ பிள்ளையின் காதில் போடாதிருங்கள். அந்த இருவரில் பாதிப்பாதிதான் தான் என்று அதற்குத் தெரியும்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு ஒரு எண்: 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை. இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. முதலில் சொன்ன எண்ணைப் பேரனுக்காக மட்டும்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. மகளை நினைத்துத் தூக்கம் வராமல் படுத்திருக்கும் அம்மாச்சி தனக்காகவும் அழைக்கலாம்.